புகை அடங்கிய கரி

எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: புகை இருந்ததா? ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் கேட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேட்டார். லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்த என் கொழுந்தன் கேட்டான். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். இல்லை, கொஞ்சங்கூட இல்லை. முதல் தடவை அதைப் பெருமையாகவே சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. தோன்றுவதோடு சரி. கொஞ்ச நாளாக எனக்கு எதற்கும் கை எழுவதில்லை.

நாங்கள் துணி வெளுத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கிறவர்கள். முன்பக்கம் தெருவைப் பார்த்த கடை. அதைத் தாண்டினால் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு நடை. நடையின் கடைசியில் ஓர் அறை. அதற்கும் பின்னால் துணி துவைக்கிற முற்றம். படுக்கை, சமையல் எல்லாம் மாடியில். என் வீட்டுக்காரர், நான், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி என்று நான்கு பேர். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவன் பெண்டாட்டியைச் சின்னவள் என்போம். கல்யாணமாகி வந்து மூன்று வருஷம். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

தெருவில் எனக்குப் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட என் வீட்டுக்காரரைத் தவிர ஒருவருக்கும் தைரியம் கிடையாது. எதிர்க்கடை பூட்டுக்காரர் சாவி அராவுகிற தூள் பறந்துவந்து என் வெள்ளைத் துணிமேல் விழுகிறது என்று ஆறு மாதத்துக்கு முன் நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவரும் சளைக்காமல் கத்தினார். அன்றிலிருந்து அந்த மனிதருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பன்னிரண்டு அடி தெருதான். நான் கடை திறக்கும்போது அவர் மேலே பார்ப்பார், அவர் திறக்கும்போது நான் கீழே பார்ப்பேன்.

எங்களிடம் கரண்ட் பெட்டியும் உண்டு, கரிப் பெட்டியும் உண்டு. மழை வந்தால் எங்கள் தெருவில் முதலில் போவது கரண்ட்தான், அதனால் கரியை விடவே முடியாது. கரியை எப்போதும் வெளியில் வைத்துத்தான் பற்றவைப்போம். பற்றும்போது புகையும். அந்தப் புகை வெள்ளைத் துணியில் பட்டால் பழுப்பாக ஏறிவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது. விசிறி விசிறி, புகை முழுக்க அடங்கி, கங்கு சிவந்து, மேலே சாம்பல் பூக்கிறவரை பொறுமையாக இருக்கவேண்டும். சின்னவள் வந்த புதிதில் அவசரப்பட்டு ஒரு சட்டையைப் பாழாக்கினாள். நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த ஆளே துணியைக் கொடுக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

"புகை அடங்கின கரிதான்டி சுத்தமான கரி" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "அதால யாருக்கும் ஒரு கெடுதலும் வராது."

எங்கள் வீட்டில் அது சட்டம். ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. ஏன் படவேண்டும்? துணியில் கறை விழவில்லையே. எங்களுக்குத் தெரிந்த கெடுதல் கறை ஒன்றுதான்.

அந்த வாரம் ஐந்து நாள் விடாத மழை. நர்ஸுக்குப் படிக்கிற பெண்களுடைய வெள்ளைக் கோட்டு அறுபத்து நான்கு எங்களிடம் இருந்தது. மறுநாள் காலையில் அந்தப் பெண்கள் முதல் தடவையாக வார்டுக்குள் போகிறார்கள், மாலை ஐந்து மணிக்கு ஆள் வந்து எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். கோட்டெல்லாம் வெளுத்து முடித்தாயிற்று, காயத்தான் இல்லை. கையில் எடுத்தால் மீன் மாதிரி சில்லென்று வழுக்கியது. ஈரத் துணியில் பெட்டியை வைத்தால் காந்தல் வாடை வரும், மடிப்பும் நிற்காது.

யோசனை என்னுடையதுதான். வேறு யார் தலையிலும் போட முடியாது. பின்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, கோட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே இரண்டு சட்டியில் கங்கு வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்றேன். என் வீட்டுக்காரர், "நல்ல மூளைதான் உனக்கு" என்றார். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் தாளை வைத்து ஆணி அடித்தேன். கதவுக்கடியில் இரண்டு விரல் நுழைகிற இடுக்கு இருந்தது. சாக்கைச் சுருட்டி அதில் அடைத்தேன். வெளியே இருக்கிற ஈரக்காற்று ஒரு பொட்டு உள்ளே வரக்கூடாது. துணியைத் திருப்பித் திருப்பிப் போட ஓர் ஆள் உள்ளேயே இருக்கவேண்டும். சின்னவளை உட்காரவைத்தேன். நான் கடை முகப்பில் நின்று, காய்ந்து வருகிறதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் திறந்த தெரு, காற்று, மழை.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். பத்து மணிக்குச் சின்னவள் கதவைத் திறந்துவிட்டு நடையில் வந்து நின்றாள்.

"அக்கா, தலை வலிக்குதுக்கா."

"வேலைன்னு வந்தா உனக்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ தலைவலி. கதவைச் சாத்து முதல்ல. ஈரம் உள்ள போகுது பாரு."

சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பதினொன்றுக்கு மறுபடி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குமட்டிக்கிட்டு வருதுக்கா. கால் எல்லாம் துவளுது."

நான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தேன். சிரிப்பு வந்தது எனக்கு. "என்னடி விசேஷமா? சொல்லவே இல்ல. வரட்டும் உன் புருஷன், இருக்கு அவனுக்கு."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கோணலாக, ஒரு பக்கமாகப் போயிற்று. நான் போய் அவளை உள்ளே தள்ளி, கதவை நானே இழுத்துச் சாத்தினேன். சாக்கைக் காலால் இடுக்கில் செருகினேன். செருகியதும் இந்தக் கால்தான்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வரவில்லை. பரவாயில்லை, பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது, வேலை நடக்கிறது என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்குக் காய்ந்த கோட்டை எடுக்கப் போனேன். தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை தோளில் விழுந்திருந்தது. "அடிப்பாவி, தூங்குறியா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கன்னம் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது, சாயம் பூசியதுபோல உதடும் சிவப்பு. என்ன சத்தம் போட்டேன் என்று தெரியாது. முற்றத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். இருவருமாக அவளை நடை வழியே இழுத்துக் கடைக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் தலையும் விண்விண் என்று தெறித்தது. பயத்தில் என்று நினைத்தேன்.

வாடகை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியில் காற்று பட்டதும் அவள் முனகினாள். கண்ணைத் திறந்தாள், மூடினாள். என் வீட்டுக்காரர் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர். மீசை இப்போதுதான் முளைத்தமாதிரி இருந்தது. சின்னவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். அதில் எண் தெரிந்தது.

"தொண்ணூத்தெட்டு. ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு. காலைல சாப்பிட்டாங்களா?"

"சாப்பிடலைங்க. வேலை இருந்துச்சு."

"கர்ப்பமா?"

"தெரியலைங்க."

"வீட்ல புகை கிகை ஏதாவது? அடுப்பு, எரிஞ்ச வாடை?"

அப்போதுதான் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "எங்க வீட்லயா? புகையா? வெள்ளைத் துணி போடுற எடங்க அது. புகைன்னா என்னன்னே தெரியாது."

சின்ன டாக்டர் தலையாட்டினார். சோர்வு மயக்கம் என்று ஏதோ எழுதினார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவளுடைய சிவந்த கன்னத்தைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. நோயாளிக்கு இப்படியா நிறம் இருக்கும்?

மணி ஒன்றரை. என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்திலேயே நின்றார். அவர் கையில் அவளுடைய செருப்பு இருந்தது. வண்டியில் விழுந்ததை எடுத்தவர் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"கோட்டு இன்னும் பாதி ஈரம்" என்றேன். "அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க. இங்க ரெண்டு பேரும் நின்னு என்ன பண்றது? நீங்க போங்க."

"இவ கண்ணு முழிச்சிடட்டுமே."

"முழிப்பா. குளுக்கோஸ் ஏறுது இல்ல? அந்தப் பொண்ணுங்க நாளைக்கு என்ன ஈரக் கோட்டையா போட்டுக்கிட்டுப் போகும்? போங்க."

அவர் இன்னும் நின்றார். நான் விடவில்லை. நான் என்றைக்கு விட்டிருக்கிறேன்?

"கங்கு அவிஞ்சிருக்கும். புதுக் கரி போடுங்க. புகை நல்லா அடங்கின பிறகு உள்ள எடுத்துட்டுப் போங்க, கறை கிறை படக்கூடாது. உள்ளயே இருந்து திருப்பிப் போடுங்க. கதவை நல்லாச் சாத்திக்கோங்க. சாக்கை மறந்துடாதீங்க."

இதையெல்லாம் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். சொல்லும்போது சின்னவள் கண் பாதி திறந்திருந்தது.

"சரி பட்டாசு" என்றார் அவர். செருப்பை என் கையில் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் போயிற்று. சின்னவள் விழித்தாள், ஆனால் சரியாகப் பேசவில்லை. எங்கே இருக்கிறோம் என்று மூன்று தடவை கேட்டாள். நான் மூன்று தடவையும் எரிச்சலில்லாமல் பதில் சொன்னேன், அதுவே பெரிய விஷயம். மூன்றரை மணிக்குத் தலைமை நர்ஸ் வந்தார். பருமனான அம்மாள், மூக்குக் கண்ணாடி. சின்னவள் முகத்தைப் பார்த்தார். உதட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் என் கையைப் பார்த்தார்.

"நகமெல்லாம் கரியா இருக்கு. என்னம்மா வேலை?"

"துணி தேய்க்கிறோம்."

"கரண்ட்டா, கரியா?"

"மழைக்குக் கரிதான்."

"இவங்க எங்க இருந்தாங்க மயங்கும்போது?"

"உள் ரூம்ல. துணி காய வச்சிருந்தோம். ரெண்டு சட்டி கங்கு வச்சு."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "ஜன்னல்?"

"அடைச்சிருந்தோம். ஆனா புகையே இல்லைங்க. புகை முழுக்க அடங்கினதுக்கு அப்புறம்தான் நாங்க..."

"அய்யோ, புகை இல்லன்னா என்னம்மா?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. திரும்பி, ஆக்ஸிஜன் மாஸ்க் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே பேசினார். "எரியிற கரியிலேருந்து ஒரு விஷவாயு வரும். கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. புகை அடங்கினதுக்கு அப்புறமும் வந்துகிட்டேதான் இருக்கும். ரத்தத்துல ஆக்ஸிஜன் உக்கார வேண்டிய எடத்துல அது போய் உக்காந்துக்கும். இந்தக் கிளிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதான் தொண்ணூத்தெட்டு காட்டுது. அந்த ரூமை இப்பவாவது திறந்து வச்சிருக்கீங்களா?"

நான் போனை எடுத்தேன்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வெள்ளைத் துணி வேலையில் இருக்கும்போது போனைத் தொடமாட்டார். கடை மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். கரிக்கையால் போனை எடுத்து, அதே கையால் துணியைத் தொடக்கூடாது என்று அவருக்கும் நான்தான் சட்டம் போட்டிருந்தேன். இரண்டாவது தடவை அடித்தேன். மூன்றாவது தடவை அடித்தேன்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் எதிர்க்கடைப் பலகையில் இருந்தது. பூட்டு, சாவி, அவசரத்துக்கு அழைக்கவும் என்று சிவப்பில் எழுதியிருக்கும். பன்னிரண்டு வருஷமாக எதிரே நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டு தேய்க்கிறேன்.

"பூட்டுக் கடை, சொல்லுங்க."

"நான்தான். எதுத்த கடை."

"யாரு, பட்டாசா?" என்றார். முதல் தடவையாக என்னிடமே சொன்னார். "என்னம்மா, ஆறு மாசம் கழிச்சு எம் மேல என்ன..."

"பின்னாடி ரூம்ல என் வீட்டுக்காரர் இருக்காரு. கதவை உடைங்க. ஓடுங்க. கேள்வி கேக்காதீங்க."

அந்த மனிதர் கேட்கவில்லை. போனை அணைக்காமல் ஓடினார். மழைச் சத்தம் கேட்டது. எங்கள் கடைப் பலகை தடதடவென்று ஆடுகிறது கேட்டது. நடையில் அவர் தோள் சுவரில் உரசுகிறது கேட்டது.

"உடைக்க வேண்டாம்மா, சும்மாத்தான் சாத்தியிருக்கு. கீழ சாக்கு அடைச்சிருக்கு." கதவு இழுபடுகிற சத்தம். "அய்யய்யோ. விழுந்து கிடக்காரும்மா. நெருப்பு இல்ல, ஒண்ணும் இல்ல, புகையே இல்லையேம்மா..."

"உள்ள நிக்காதீங்க!" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மூச்சைப் புடிச்சுக்கிட்டு அவரை வெளிய இழுங்க! தெருவுக்கு இழுங்க!"

இழுத்தார். அந்தச் சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டது. தெருவில் போட்டு, நெஞ்சில் அழுத்தினார்களாம். நான்கு பேர் சேர்ந்து, நான் நின்ற அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். சின்னவள் கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளிக் கிடத்தினார்கள். அவர் கன்னமும் நன்றாகச் சிவந்திருந்தது. இப்படி ஒரு நிறத்தில் அவரை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சின்ன டாக்டர் ரொம்ப நேரம் முயன்றார். பிறகு கையை எடுத்துவிட்டார். தலைமை நர்ஸ் என் தோளில் கைவைத்தார். அந்தக் கையின் பாரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

சின்னவளுடைய செருப்பு இன்னும் என் கையில் இருந்தது.

போலீஸ்காரர் வந்தார். புகை இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டார் என்று கேட்டார். ஈரக்காற்று வரும் என்று சாத்தியிருப்பார் என்றேன். சாத்தியிருப்பார். அவராகவே சாத்திக்கொண்ட மாதிரி சொன்னேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். எழுதியது அப்படியே இருக்கிறது.

உடலை மறுநாள்தான் தருவோம் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். பின்னறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. சட்டிகளை யாரோ முற்றத்தில் கவிழ்த்திருந்தார்கள். கோட்டெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார்.

ஐந்து மணிக்கு என்று சொல்லியிருந்த கோட்டை எடுக்க ஆறரைக்கு மேல் வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். "அப்புறம் வர்றேங்க" என்றாள். "உக்காரும்மா, முடிச்சுத் தர்றேன்" என்றேன். தெரு ஓரத்தில் கரியைப் பற்றவைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் குடையைக் கொண்டுவந்து நெருப்புக்கு மேலே பிடித்தார். அவர் தலை நனைந்தது. நான் தேய்த்தேன். கழுத்துப்பட்டி, கை, முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு. தெருவே கூடிநின்று பார்த்தது. கல் நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது வேறு யாரையோ சொன்னமாதிரி இருந்தது. கை தானாக ஓடியது. கடைசிக் கோட்டை மடித்து வைத்தபோது இனி என்ன செய்வது என்று தெரியாமல், மடித்ததைப் பிரித்து மறுபடி தேய்த்தேன்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. சத்தமும் வரவில்லை. பால்காரர் தண்ணீர் கலந்து ஊற்றினால் வாங்கிக்கொண்டேன். பூட்டுக்காரர் சாவி அராவுகிற தூள் துணிமேல் விழுந்தால் தட்டிவிட்டேன். ஒருநாள் அவர் கொழுந்தனிடம், "பட்டாசு நமத்துப் போச்சேப்பா" என்று சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை. கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அவனுக்கு நான் சோறு போடும்போதெல்லாம், அண்ணன் ஏன் அந்தக் கதவைச் சாத்தினான் என்று கேட்டுவிடுவானோ என்று கையிலிருக்கிற கரண்டி கனக்கும். கேட்டால் பொய் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அவன் கேட்டதெல்லாம் அன்றைக்குக் கேட்ட அந்த ஒன்றுதான். பிறகு அவனும் லாரிக்குப் போய்விட்டான்.

சின்னவள் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தாள். பிழைத்துவிட்டாள். கொஞ்சம் மெதுவாகிவிட்டாள், அவ்வளவுதான். எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுவாள். பொத்தான் போடும்போது விரல் நடுங்கும். இப்போது கரியே கிடையாது, கரண்ட் பெட்டிதான். கரண்ட் போனால் கடையைச் சாத்துகிறோம். பின்னறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தெடுக்கச் சொல்லிவிட்டேன். மழைச் சாரல் உள்ளே அடிக்கிறது. அடிக்கட்டும்.

நேற்றைக்கு மதியம் மறுபடி மழை. யாரோ ஒரு வீட்டுக் கல்யாணத் துணி, நல்ல துணி, கடை நிறையக் கிடந்தது. நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் பின்னால் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தலை வலிக்குதுக்கா."

பெட்டியை எப்படி வைத்தேன், சுவிட்சை எப்போது அணைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மடியிலிருந்த துணியெல்லாம் தரையில் விழுந்தது. வாசல் படியில் அவள் கால் இடறியது, விடவில்லை. நடுத்தெருவில், கொட்டுகிற மழையில் கொண்டுபோய் நிறுத்தினேன். திரும்பி ஓடி, சாரலுக்காகப் பாதி அடைத்திருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தேன். சாரல் உள்ளே போய்க் கல்யாணத் துணிமேல் அடித்தது. திரும்பிவந்து அவள் பக்கத்தில் நின்றேன். மூச்சு வாங்கியது.

"அக்கா" என்றாள் சின்னவள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. "கரண்ட் பெட்டிக்கா. இப்பதான் கரியே இல்லையே."

"தெரியும்."

"துணி நனையுதுக்கா."

"நனையட்டும். நல்லா மூச்சு இழு."

இழுத்தாள். எதிரே பூட்டுக்காரர் அராவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் நின்றோம். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நாற்பது நாளாக வராதது வந்தது.

"நான்தான்டி கதவைச் சாத்தச் சொன்னேன். உன் மாமாகிட்ட. சாக்கு வைக்கச் சொன்னதும் நான்தான்."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். காதுல விழுந்துச்சு. போகாதீங்க மாமான்னு சொல்லணும்னு தோணுச்சு. ஏன்னு தெரியல. வாய் வரல."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல? உன் புருஷன்கிட்டகூடச் சொல்லலையா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் புகை இருந்துதான்னு மட்டும்தானேக்கா கேட்டாங்க."

எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று சொல்லமாட்டேன். நன்றாகத் தெரிந்திருக்கும், அவ்வளவு சத்தமாக அழுதேன். பூட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். சின்னவள் என் கையை விடவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றோம்.

"போதும்க்கா, உள்ள போலாம். உங்களுக்குச் சளி புடிச்சுக்கும்."

"தலைவலி நின்னுச்சா?"

"நின்னுடுச்சு."

"பொய் சொல்லாதடி" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."